ஏலமலையில் பிறந்து காற்றை அளந்தவர்: பைலட் ஆக விரும்பும் மாணவர்கள் அன்னா மணியை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

போடிநாயக்கனூரில் விடியற்காலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். கீழே வானம் சுத்தமாக இருக்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டை நெருங்கினால், முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூட சில நாட்களில் தெரியாது. போடியில் இருப்பவர்கள் அதை மேகம் என்பார்கள். அதற்குள் இருப்பவர்கள் மூடுபனி என்பார்கள். ரெண்டும் ஒண்ணுதான், நிற்கிற இடம்தான் வேறு.

ஜீப் டிரைவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஓரங்கட்டி நிறுத்தலாம். விமானத்தை ஓரங்கட்ட முடியாது.

அதனால்தான் விமானி உரிமம் பெற விரும்பும் மாணவர்களுக்கு, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வானிலையைத் தனித் தேர்வாகவே வைத்திருக்கிறது. அழுத்தம், வெப்பநிலை, பனிநிலை, காற்றின் திசை, வேகம் எனப் பாடம் முழுக்க எண்கள். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு எழுதுகிறார்கள், பறக்கிறார்கள். ஆனால் இந்த எண்களை யார் அளக்கிறார்கள், அளக்கும் கருவி சரியா என்று யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் யாருக்கும் வருவதில்லை.

இந்தியாவில் அந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் தேடிய ஒரு பெண், இதே ஏலமலைத் தொடரில்தான் பிறந்தார். பெயர் அன்னா மணி. (எங்கள் டெஸ்க்கில் முதலில் அண்ணா மணி என்றுதான் டைப் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் அப்படி எழுதினால் அர்த்தமே மாறிவிடும் என்பதால் இரண்டு சுழி னகரத்துக்கு வந்துவிட்டோம்.)

யார் இந்த அன்னா மணி?

போடியிலிருந்து கம்பம், குமுளி வழியாக கோட்டயம் சாலையில் போனால் பீர்மேடு வரும். 1956 மாநிலச் சீரமைப்பின்போது தேவிகுளம், பீர்மேடு தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தின் வழியாக, நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த அதே பீர்மேடு. அங்கே 1918 ஆகஸ்ட் 23 அன்று அன்னா மணி பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்பா சிவில் இன்ஜினீயர், சொந்தமாக ஏலத்தோட்டங்கள் வைத்திருந்தவர். எட்டுப் பிள்ளைகளில் அன்னா ஏழாவது.

வசதியான சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பெண் குழந்தைக்கு எட்டாவது பிறந்தநாளில் வைரத்தோடு வாங்கிக் கொடுப்பார்கள். அன்னா தோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பதிலாகக் கேட்டது என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா. அந்த வயதிற்குள் உள்ளூர் நூலகத்தில் இருந்த மலையாளப் புத்தகங்களில் அநேகமாக எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தாராம். பன்னிரண்டு வயதிற்குள் ஆங்கிலப் புத்தகங்களையும்.

வைக்கம் போராட்டத்தை ஒட்டி 1925-ல் காந்தி திருவிதாங்கூர் வந்தார். அதன் தாக்கத்தில் சிறுமி அன்னா கதர் உடுத்த ஆரம்பித்தார். கடைசி வரை அதை விடவில்லை. அந்த வீட்டில் ஆண் பிள்ளைகளுக்கு உயர்கல்வியும் வேலையும், பெண் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் கல்யாணமும் என்பதுதான் எழுதப்படாத சட்டம். அன்னா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1939-ல் இயற்பியல், வேதியியலில் ஆனர்ஸ் பட்டம். அடுத்த ஆண்டே உதவித்தொகையுடன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். சேர்ந்தது யாரிடம் தெரியுமா? சர் சி.வி. ராமனிடம்.

வைரத்தோடு வேண்டாம் என்றவருக்கு, ஆய்வுக்குக் கிடைத்ததோ வைரம்!

ராமனின் ஆய்வகத்தில் முப்பதுக்கும் குறையாத வைரங்களை எடுத்துக்கொண்டு, அவை ஒளியை எப்படி உள்வாங்குகின்றன, எப்படித் திருப்பி உமிழ்கின்றன என்று ஆராய்ந்தார். கேட்க அழகாக இருக்கும். வேலை அப்படி இல்லை. கல்லை திரவக் காற்றின் கடுங்குளிரில் வைக்க வேண்டும். வெளிச்சம் அவ்வளவு மங்கல் என்பதால் ஒரே ஒரு நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிக்க 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. ஆண், பெண் ஆய்வாளர்கள் கலந்து பேசுவதை ராமன் விரும்பாதவர் என்பதால், சக மாணவர்களோடு உட்கார்ந்து விவாதிக்கும் வாய்ப்பும் அவருக்குக் குறைவு.

1942 முதல் 1945 வரை தனி ஆசிரியராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள். 1945 ஆகஸ்ட்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. இல்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்துவிட்டது. ஆய்வேட்டில் தவறு என்று யாரும் சொல்லவில்லை, முந்தைய சான்றிதழ்தான் பிரச்சினை. அந்த ஆய்வேடு இன்றும் ராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில் இருக்கிறது. பட்டம் கடைசி வரை வரவில்லை. பின்னாளில் கேட்டவர்களிடம், அதனால் தனக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை என்ற தொனியில்தான் பேசினார். அவர் அப்படி எடுத்துக்கொண்டது பெருந்தன்மை. நாமும் அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை.

வானிலைக்கு வந்தது தற்செயல்

அதே ஆண்டு அரசு உதவித்தொகையில் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போகும் வாய்ப்பு வந்தது. இரண்டாம் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில்தான் பயணம். அவர் நினைத்துப் போனது இயற்பியல். அங்கே காலியாக இருந்தது வானிலைக் கருவிகள் பயிற்சி. சரி, இதையே படிப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு இயற்பியலில் ஓர் இடம் காலியாக இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

1948-ல் சுதந்திர இந்தியாவுக்குத் திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். அப்போது நிலைமை எப்படி இருந்தது? சாதாரண வானிலைக் கருவிகளுக்குக்கூட பிரிட்டனை நம்பியிருந்தோம். பிரிவின் தலைவராக இருந்த எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் இதையெல்லாம் இங்கேயே செய்ய வேண்டும் என்று கனவு கண்டவர். அந்தக் கனவைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் அன்னா மணி. ஏறத்தாழ 100 வானிலைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, உற்பத்தியைத் தொடங்கிவைத்தார். 1953 வாக்கில் அந்தப் பிரிவுக்கே தலைவர். அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள்.

தப்பான அளவீடு இருப்பதைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்பதுதான் அவர் கொள்கை. கேட்க கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் விமானிக்கு இது அப்படியே பொருந்தும். எப்படி என்று பார்ப்போம்.

உயரமானி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை

விமானத்தில் இருக்கும் உயரமானி அடிப்படையில் ஒரு காற்றழுத்தமானி. மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவைத்தான் அது அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகிறது. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ 27 முதல் 30 அடி மேலே போய்விட்டோம் என்று கணக்கு.

சிக்கல் என்னவென்றால், அழுத்தம் உயரத்தால் மட்டும் மாறுவதில்லை. வானிலையாலும் மாறும். வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி உருவானாலே மாறும். அதனால் பறக்கும் முன், அந்தப் பகுதியின் கடல்மட்ட அழுத்தம் இப்போது எவ்வளவு என்று தரையிலிருந்து கேட்டு, அந்த எண்ணை உயரமானியில் திருப்பி வைக்க வேண்டும். விமானிகள் இதை கியூஎன்எச் என்பார்கள்.

ஒரு மாணவர் 1013 என்று வைத்துவிட்டார், உண்மையான அழுத்தம் 1003 என்று வைத்துக்கொள்வோம். உயரமானி அவரை இருக்கும் உயரத்தைவிட கிட்டத்தட்ட 300 அடி மேலே இருப்பதாகக் காட்டும். சமவெளியில் தப்பித்துவிடலாம். போடிமெட்டு முகட்டைத் தாண்டும்போது அந்த 300 அடிதான் சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியாக இருக்கலாம்.

மாணவர் சரியாகத்தான் வைத்தார், தரையில் இருந்த அழுத்தமானியே தப்பு என்றால்? எண்ணே வராவிட்டால் விமானி உஷாராவார், புறப்படாமல் இருப்பார். தப்பான எண் வந்தால் நம்பிப் பறப்பார். அன்னா மணி சொன்னதன் அர்த்தம் இதுதான். நாடு முழுக்க உள்ள நிலையங்களில் ஒரே தரத்தில், ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்த கருவிகள் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததன் பலன், பறப்பவர்கள் எல்லோருக்கும் போகிறது.

பலூன் சொல்லும் கதை

தரையில் அளந்தால் மட்டும் போதாது. மேலே என்ன நடக்கிறது? அதற்குத்தான் ரேடியோசாண்ட். ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் ஒரு சின்னக் கருவியைக் கட்டி விடுவார்கள். அது ஏறிக்கொண்டே அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் விடுவார்கள். இந்திய நேரப்படி காலை 5.30, மாலை 5.30. இதற்கும் எளிமையான இன்னொன்று உண்டு. கருவி எதுவும் இல்லாத வெறும் பலூனை விட்டு, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று தொலைநோக்கியில் கோணம் பார்த்துக் காற்றைக் கணக்கிடுவது. அதன் பெயரே பைலட் பலூன்தான்! புனேயில் அன்னா மணியின் பிரிவு இரவு பகலாகப் பார்த்த வேலைகளில் ரேடியோசாண்டுக்கு முக்கிய இடம் உண்டு.

இந்தப் பலூன்கள் சொல்லும் முதல் பாடம், மேலே போனால் குளிரும் என்பது. போடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து போடிமெட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறுகிறோம். ஊரில் வேர்த்துக் கொட்டும், மேலே ஸ்வெட்டர் தேடுவோம். விமானிகளின் பாடத்தில் ஒரு தரநிலை வளிமண்டலம் உண்டு. கடல்மட்டத்தில் 15 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும். இது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரு கற்பனை அளவுகோல். நிஜ வானம் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் விமானி கவனிக்கணும்.

அடுத்த பாடம் கொஞ்சம் சுவாரசியம். ஜூன், ஜூலையில் பீர்மேட்டில் மழை பிய்த்து உதறும். கேரளத்திலேயே அதிகம் மழை பெறும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அதே நாளில் மலைக்கு இந்தப் பக்கம் போடியிலும் கம்பத்திலும் வெயில் அடித்து, வறண்ட காற்று மண்ணை வாரி வீசும். ஒரே காற்று, ரெண்டு குணம். ஏன்?

அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறுகிறது. மேகமாகாத காற்று ஏறினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். மேகமாகத் தொடங்கிவிட்டால், நீராவி தண்ணீராகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், குளிர்வது பாதியாகக் குறைந்துவிடும். கணக்குக்காக இப்படி வைப்போம். கடல்மட்டத்தில் 30 டிகிரி. 500 மீட்டரில் 25 டிகிரியாகி மேகம் தொடங்குகிறது. அங்கிருந்து 1,500 மீட்டர் முகட்டுக்குப் போகும்போது 20 டிகிரி. வழியில் மழை பெய்து ஈரம் இறங்கிவிட்டது. இப்போது காற்று இந்தப் பக்கம் சரிவில் விழுகிறது. ஈரம் இல்லை என்பதால் முழு வேகத்தில், கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடாகிறது. 350 மீட்டர் உயரத்துக்கு வரும்போது 31.5 டிகிரி. அந்தப் பக்கம் அதே உயரத்தில் இருந்தது வெறும் 26.5 தான். மலை ஏறி இறங்கியதில் காற்று ஐந்து டிகிரி சூடாகி, காய்ந்தும்விட்டது.

தமிழ் படித்தவன் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நம் முன்னோர் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு வைத்த பெயர் கோடை. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து வந்தால் தென்றல். காற்று போகும் திசையை அல்ல, வரும் திசையை வைத்துப் பெயர். விமானிகளின் வானிலை அறிக்கையான மெட்டாரிலும் அப்படியேதான். 270 டிகிரி காற்று என்றால் மேற்கிலிருந்து வருகிறது என்று பொருள். புதிதாகச் சேரும் மாணவர்கள் இதைத்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டு குழம்புவார்கள். 360 வாடை, 90 கொண்டல், 180 தென்றல், 270 கோடை என்று வைத்துக்கொண்டால் ஜென்மத்துக்கும் மறக்காது.

மேகம் எந்த உயரத்தில் தொடங்கும்?

வெப்பநிலையோடு இன்னொரு எண்ணும் மெட்டாரில் வரும். பனிநிலை. காற்றை எத்தனை டிகிரி வரை குளிரவைத்தால் ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் என்பதே அது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை 400-ஆல் பெருக்கினால், வெயிலில் சூடாகி எழும் மேகத்தின் அடிப்பகுதி எத்தனை அடியில் இருக்கும் என்று உத்தேசமாகத் தெரிந்துவிடும். ஊரில் 32 டிகிரி, பனிநிலை 22 என்றால் 10 பெருக்கல் 400, அதாவது 4,000 அடி. ஏறத்தாழ 1,200 மீட்டர். மலையடிவாரத்திலிருந்து அந்த உயரத்தைக் கணக்குப் போட்டால், மேகத்தின் அடி போடிமெட்டு முகட்டை ஒட்டி வந்துவிடும். கீழே நல்ல வெளிச்சம், முகட்டில் இருட்டு. வித்தியாசம் ஒன்று, இரண்டு என்று சுருங்கினால் மூடுபனிக்குத் தயாராக வேண்டியதுதான்.

மலையில் மேகத்துக்குள் நுழைவது எவ்வளவு ஆபத்து என்பதைத் தமிழ்நாடு 2021 டிசம்பர் 8 அன்று பார்த்தது. சூலூரிலிருந்து வெலிங்டன் போன விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசை உணர்வு தடுமாறியது என்று விமானப்படையின் விசாரணை முதற்கட்ட முடிவாகச் சொன்னது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். மேகத்துக்குள் கண் பொய் சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் பொய் சொல்லும். கருவி ஒன்றுதான் மிச்சம்.

வெயில், ஓசோன், ராக்கெட்

1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு. அதை ஒட்டி, இந்தியாவில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை அன்னா மணி உருவாக்கினார். வெயிலை அளந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். எல்லா வானிலைக்கும் எரிபொருள் அதுதானே? காலை வெயில் சரிவில் பட்டதும் மலைப்பக்கக் காற்று சூடாகி மேல்நோக்கி நகரும். ராத்திரி குளிர்ந்து கீழ்நோக்கி வழியும். காலையில் அமைதியாக இருந்த சரிவு மதியம் சின்ன விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடுவது இதனால்தான். மலைப்பகுதிப் பயிற்சிப் பறத்தலைக் காலையிலேயே முடித்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

1960-களில் ஓசோனை அளக்க பலூனில் அனுப்பும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கினார்கள். சர்வதேச ஓசோன் ஆணையத்தில் அவர் உறுப்பினரும் ஆனார். ஓசோன் ஓட்டை என்ற வார்த்தை செய்திகளில் அடிபடுவதற்கு ரொம்ப வருஷம் முன்பு நடந்தது இது.

1963-ல் விக்ரம் சாராபாய் அவரை அழைத்தார். திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கே வானிலை ஆய்வகத்தையும் கருவிகள் பொருத்திய கோபுரத்தையும் அமைத்துக் கொடுத்தார் அன்னா மணி. கோபுரம் எதற்கு? அந்தக் காலத்து ஆய்வு ராக்கெட்டுகளுக்கு வழிநடத்தும் கருவி கிடையாது. கிளம்பியதும் வேகம் குறைவாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் காற்று தள்ளினால் பாதையே மாறிவிடும். அதனால் தரையை ஒட்டிய காற்றை, உயரத்துக்கு உயரம் அளந்துவிட்டுத்தான் ஏவுகருவியின் கோணத்தை வைப்பார்கள்.

விமானத்துக்கும் இதே கதைதான். தரையை ஒட்டிய சில நூறு அடியில் காற்று மரம், கட்டடம், மண் எல்லாவற்றிலும் உரசி வேகம் குறையும், திசையும் மாறும். மேலே 25 நாட் எதிர்காற்றில் வந்த விமானம் இறங்க இறங்க திடீரென 10 நாட் காற்றுக்குள் நுழைந்தால், இறக்கையில் ஓடும் காற்றின் வேகம் குறைந்து, விமானம் தொப்பென்று தணியும். தரை நெருங்கிய நேரத்தில் மீள உயரம் இருக்காது.

தேனி ரோட்டு காற்றாலைகள்

1976-ல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது சும்மா பேருக்கு. ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று ஆண்டுகள் வருகைப் பேராசிரியர். 1980, 1981-ல் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி இரண்டு பெரிய புத்தகங்கள். காற்று, வெயிலை அளக்கும் கருவிகள் செய்ய பெங்களூருவில் சொந்த நிறுவனம். அதோடு, இந்தியாவில் எங்கே எவ்வளவு காற்று அடிக்கிறது என்று நூற்றுக்கணக்கான இடங்களில் அளந்த பெரும் திட்டம்.

காற்றாலைக்குக் காற்றின் வேகம் எவ்வளவு துல்லியமாகத் தெரிய வேண்டும்? கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூடுதலாகத் தப்பாக அளந்தால், மின்சாரக் கணக்கு 33 சதவீதம் தப்பாகும். கோடிக்கணக்கில் முதலீடு போட்ட பிறகு தெரிந்து என்ன பயன்? பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் எனக் கணவாய்க் காற்றை நம்பித்தான் தமிழ்நாட்டில் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆண்டிபட்டி பக்கம் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகத் தெரிகிற விசிறிகள் சுற்றுவதும் இந்தக் கோடைக் காற்றில்தான்.

அதே காற்று மாணவ விமானிக்கு எச்சரிக்கை. மலையைத் தாண்டி விழும் காற்று, சரிவோடு சேர்ந்து விமானத்தையும் கீழே அழுத்தும். பயிற்சி விமானம் நிமிடத்துக்கு 500, 700 அடி ஏறும் என்றால், பலமான இறங்கு காற்று அதைவிட வேகமாகக் கீழே தள்ளலாம். முகட்டுக்குப் பின்னால் காற்று உருளையாகச் சுழலும் இடங்களும் உண்டு. அதனால்தான் முகட்டை நேராக முட்டுவதுபோல் அணுகாமல் 45 டிகிரி சாய்வாக அணுகச் சொல்லித் தருகிறார்கள். காற்று அமுக்கினால் உடனே பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிவிடலாம்.

1994-ல் அன்னா மணிக்குப் பக்கவாதம் வந்தது. அதன்பிறகு நடமாட முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். 83-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. 2022-ல் அவரது 104-வது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டபோதுதான் நம்மில் பலருக்கும் பெயரே தெரிந்தது. எனக்கும்தான்.

பீர்மேட்டுக்கு வந்த விமானம்

அந்த டூடுல் வந்த அதே ஆண்டு, அவர் பிறந்த பீர்மேடு தாலுகாவில் வேறொன்றும் நடந்தது. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்சிசி விமானப் பிரிவு மாணவர்களின் பயிற்சிக்காக 650 மீட்டர் ஓடுதளம் கட்டப்பட்டிருந்தது. 2022 ஏப்ரலிலும் ஜூனிலும் விமானத்தை இறக்க முயன்றார்கள். ஓடுதளத்தின் முனையில் நின்ற குன்று இடைஞ்சலாக இருந்ததால் இறங்க முடியவில்லை. ஜூலையில் பெய்த கனமழையில் ஓடுதளத்தின் ஓரம் ஒரு பகுதி சரிந்தும் போனது.

650 மீட்டர் என்பது சமவெளியிலேயே சின்ன ஓடுதளம். மலையில் அது இன்னும் சின்னதாகிவிடும். 1,000 மீட்டர் உயரத்தில் ஓர் ஓடுதளம் இருக்கிறது, வெப்பநிலை 28.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். தரநிலைக் கணக்குப்படி அந்த உயரத்தில் 8.5 டிகிரிதான் இருக்க வேண்டும். 20 டிகிரி கூடுதல். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி சேர்க்க வேண்டும், ஆக 2,400 அடி. ஓடுதளத்தின் நிஜ உயரம் 3,300 அடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இன்ஜினும் இறக்கையும் 5,700 அடியில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். காற்று அவ்வளவு மெலிந்திருக்கும். விமானம் எழும்ப அதிக தூரம் ஓடணும், எழும்பிய பிறகும் மெதுவாகத்தான் ஏறும். முன்னால் குன்று இருக்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் பெரிய கேள்வியாகும். இந்தக் கணக்கைப் போட மாணவருக்கு வேண்டியது ரெண்டே எண்கள். ஒரு அழுத்தமானி காட்டுவது, ஒரு வெப்பமானி காட்டுவது.

2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்டபிள்யூ-80 என்ற இலகுரக விமானம் சத்திரம் ஓடுதளத்தில் பத்திரமாக இறங்கியது.